கல்முனைக் கரையின் சைக்கிள்களும் சேகரிப்போரின் அளவுகோலும்

பழைய சைக்கிள்களைத் தேடிச் சேர்ப்போர் எந்த நாட்டில் இருந்தாலும் அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரே அளவுகோல். வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். பெயின்ட் உரியக் கூடாது, பெயரெழுத்து மங்கக் கூடாது, பெடலும் சீற்றும் அந்த ஆண்டுக்குரியவையாகவே இருக்க வேண்டும். இரும்பு வண்டிகளுக்கென்று வந்த இந்த அளவுகோல், 1980களிலும் 1990களிலும் வெளிவந்த கார்பன் நார்ப் பந்தயச் சைக்கிள்களுக்கும் இப்போது பொருந்திவிட்டது. இலங்கையில் பழைய ராலே, ஹம்பர் வண்டிகளை வாங்கித் துலக்கி வைப்பவர்களும் இதே கண்ணோடுதான் பார்க்கிறார்கள். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று அம்பாறைக் கரையோரத்திலும் அதை ஒட்டியும் சைக்கிளை நம்பிப் பிழைத்த ஊர்களுக்கு இந்த அளவுகோலைக் கொண்டுவந்தால் நாம் தவறான வண்டியைக் காப்பாற்றி, சரியான வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவோம் என்பது என் வாதம். இங்கே வெட்டி, பற்றவைத்து, இரண்டு மூன்று நாட்டு உறுப்புகளைப் பூட்டி ஓடிய வண்டியே முதல்தரச் சான்று.

அந்த அளவுகோல் பந்தய வண்டிக்கு நியாயமானதுதான். பந்தய வண்டியின் மதிப்பு ஒரு குறித்த காலத்து வடிவமைப்போடும் ஒரு வெற்றியோடும் சேர்ந்தது. 1970களின் நடுவில் எக்ஸன் எண்ணெய் நிறுவனம் கிராஃப்டெக் என்ற பெயரில் கார்பன் குழாய்ச் சட்டகத்தை விற்றுப் பார்த்தது. 1986இல் கிரெக் லெமொண்ட் லுக் நிறுவனத்தின் கார்பன் சட்டகத்தில் ஏறி டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற பிறகே அந்தப் பொருளின் மீது பரவலாக நம்பிக்கை வந்தது. அதே ஆண்டில் கெஸ்ட்ரல் 4000, குழாய்களைத் தனித்தனியாகச் செய்து பொருத்தாமல் சட்டகத்தை ஒரே கூடாக வார்த்துக் காட்டியது. 1994இல் கொல்னாகோ சி40 வந்தது. இவற்றில் ஒரு மூட்டை மாற்றினாலும் அந்தக் காலத்துப் பொறியியல் எப்படிச் சிந்தித்தது என்பதற்கான சான்று கெட்டுவிடும். தொடக்க காலச் சட்டகங்கள் பலவற்றில் கார்பன் குழாயை அலுமினிய மூட்டுக்குள் செருகிப் பசையால் ஒட்டினார்கள். கார்பன் துருப்பிடிக்காது, ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். உப்பு ஈரம் பட்டால் கார்பனைத் தொட்டு நிற்கும் அலுமினியம் அரிக்கப்பட்டு, ஒட்டு விட்டுப் போகும். ஓட்டுபவரின் வியர்வையே அதற்குப் போதும். அதனால் அத்தகைய வண்டிகளை வாங்குபவர்களில் பலர் அவற்றை ஓட்டாமல் சுவரில் மாட்டி வைக்கிறார்கள். கல்முனையில் நிலைமை நேர்மாறு. வருடம் முழுக்கக் கடற்காற்றில் உப்பு வரும் ஊரில், மூலையில் சாத்தி வைத்த இரும்பு வண்டிதான் முதலில் துருவுக்கு இரையாகும். நாளாந்தம் ஓடி, துடைக்கப்பட்டு, எண்ணெய் பட்டு, பழுதான உறுப்பு உடனுக்குடன் மாற்றப்பட்ட வண்டியே பல பத்தாண்டுகள் நின்று பிடித்தது. ஆகவே பழமையும் மாற்றமும் இங்கே ஒன்றாகவே வந்து சேர்கின்றன. மாறாத பழைய வண்டி ஒன்று இங்கே கிடைத்தால், அது பெரும்பாலும் பாவிக்கப்படாத வண்டி.

இந்தக் கரையில் சைக்கிள் இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்கு நில அமைப்பும் போக்குவரத்தின் போதாமையும் காரணம். மட்டக்களப்புக்கு 1920களின் பிற்பகுதியில் வந்த ரயில்பாதை அதற்குத் தெற்கே இன்றுவரை நீளவில்லை. மட்டக்களப்பு வாவியின் மேலான கல்லடிப் பாலத்தைக் கடந்தால், சுமார் 40 கிலோமீட்டர் தெற்கேயுள்ள கல்முனைக்கும் அதற்கு அப்பாலுக்கும் தெருதான் ஒரே வழி. நிலமோ ஏற்ற இறக்கமற்ற சமவெளி. கியர் இல்லாத கனத்த வண்டிக்கு இதைவிட வாய்ப்பான தரை இலங்கையில் அதிகம் இல்லை. வீடுகள் கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய நீண்ட பட்டையில் நெருங்கி நிற்கின்றன. பிழைப்போ அந்தப் பட்டைக்கு வெளியே இருக்கிறது: கிழக்கே கடல், மேற்கே மைல் கணக்கில் விரியும் வயல் வட்டைகள். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நீர்ப்பாசனத்தை விரித்ததோடு மேற்கே புதிய குடியேற்றங்களையும் உண்டாக்கியது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானபோது மாவட்டச் செயலகமான கச்சேரியும் உள்நாட்டுக்குப் போனது. பஸ் பெருந்தெருவோடு நின்றுவிடும். வாய்க்கால் கட்டில் ஏறி வயலுக்கும், மணல் ஒழுங்கைக்குள் இறங்கி வீட்டு வாசலுக்கும் போகக் கூடிய வண்டி சைக்கிள் ஒன்றே. மாட்டு வண்டி பாரம் இழுக்கும். ஆனால் காலையில் போய் மத்தியானம் திரும்பும் வேகம் அதற்கு இல்லை.

இங்கு பரவிய வண்டி இங்கிலாந்து வண்டியும் அதன் இந்திய வாரிசுகளும். 1887இல் நொட்டிங்ஹாமில் தொடங்கிய ராலே, 1932இல் ஹம்பரின் சைக்கிள் பெயரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பர்மிங்ஹாமின் ஹெர்குலிஸ் 1949க்குப் பின் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையிலும் உருவாயிற்று. சில்லு 28 அங்குலம், பிரேக் கம்பியால் இழுபடுவது, செயினுக்கு முழு மூடி. முன்கவட்டில் இரட்டைக் குழாய் தெரிந்தால் அது ஹம்பர் என்று தூரத்திலேயே சொல்லிவிடலாம். இந்த வண்டிகளின் அளவுகள் ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்ததும், அதே அளவு ரயரும் ரிம்மும் இந்தியாவில் தொடர்ந்து செய்யப்பட்டதும்தான் அவற்றின் நீண்ட ஆயுளுக்குக் காரணம். ராலேச் சட்டகத்தில் இந்திய ரிம்மையும் சீனப் பெடலையும் பூட்டலாம். சேகரிப்போர் இதைக் கலப்படம் என்பார்கள். திருத்துகிறவருக்கு அதுதான் தொழில்.

ஒரு வண்டியில் செய்யப்பட்ட மாற்றங்களை வாசித்தால் அது எந்தத் தொழிலுக்கு ஓடியது என்று தெரியும். மீன்காரரின் வண்டியில் பின்கரியர் அகலமாக்கப்பட்டிருக்கும். பெட்டியின் பாரம் தாங்க இரும்புத் தாங்கிகள் கூடுதலாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். கரைவலையில் பட்ட மீனை ஐஸ் அருமையாக இருந்த காலத்தில் வெயில் ஏறுமுன் உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் கரியர்தான். மீன்நீரும் உப்பும் வடிவதால் அந்த வண்டிகளின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட முந்தி உழுத்துப் போகும்; முன்பாதி பழையதும் பின்பாதி புதியதுமாக ஒட்டுப்பட்ட சட்டகங்கள் இப்படித்தான் உண்டாயின. மருதமுனையின் கைத்தறிச் சாரன்களையும் சேலைகளையும் மூட்டையாகக் கட்டி விற்கப் போனவரின் வண்டிக்கு வேறு தேவை: பாரம் குறைவு, பருமன் அதிகம், துணியில் செயின் எண்ணெய் படக் கூடாது. எனவே செயின் மூடியை அவர் கழற்றமாட்டார். வயற்காரரோ சேறு அடைத்துக்கொள்கிறது என்று அதே மூடியைக் கழற்றி எறிந்துவிடுவார். நெல்மூட்டையை நடுப் பாரின் மேல் குறுக்கே சாத்தித் தள்ளிக்கொண்டு வருவதால் அந்தப் பாரில் பெயின்ட் முழுதும் தேய்ந்திருக்கும். நடுப் பார் இல்லாத பெண்கள் வண்டி சாரன் கட்டிய வயதானவர்களுக்கும் வாய்ப்பானது. எங்கே தேய்ந்தது, எங்கே தடித்தது, எது கழற்றப்பட்டது என்ற மூன்றையும் பார்த்தாலே வண்டி எந்த வேலைக்குப் போய்வந்தது என்பது துலங்கும். தொழிற்சாலைப் பூச்சோடு நிற்கும் வண்டி நொட்டிங்ஹாமைப் பற்றிச் சொல்லும். சாய்ந்தமருதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

நாட்டின் பொருளாதாரமும் இதே சட்டகங்களில் பதிந்திருக்கிறது. 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் இறக்குமதி இறுக்கப்பட்டபோது புது வண்டியும் உதிரிப்பாகமும் அருமையாயின. வீச வேண்டிய சட்டகத்தை மீட்டெடுக்கும் கைத்திறனுக்கு அதனால் மதிப்பு ஏறியது. 1977க்குப் பின் சந்தை திறந்தது. இந்தியாவும் சீனாவும் செய்த வண்டிகள் தாராளமாக வந்தன, உள்நாட்டு லுமாலா பரவியது, பின்னர் பாவித்த ஜப்பான் வண்டிகளும் வந்து இறங்கின. பித்தளையால் பற்றவைத்த பழைய மூட்டையும், மின்சார வெல்டிங்கின் முரட்டுத் தழும்பையும் ஒரே சட்டகத்தில் பார்த்தால் அதன் காலக் கணக்கை ஓரளவு அடுக்கிவிடலாம்.

போர்க்காலத்தை இங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும். சைக்கிளும் போரும் என்றால் யாழ்ப்பாணம்தானே, மண்ணெண்ணெயில் வாகனம் ஓடிய அந்தப் பொருளாதாரத் தடைக் காலம்தானே என்று கேட்கலாம். அந்த வரலாறு பெரிது. ஆனால் இந்தக் கரையின் வரலாறு வேறு. இங்கே முஸ்லிம் ஊரிலிருந்து கிளம்பிய மீன் வண்டியும் துணி வண்டியும் தமிழ்க் கிராமத்துக்கும் சிங்களக் குடியேற்றத்துக்கும் போய்வந்தன. கடனுக்குக் கொடுத்து அறுவடையில் வாங்கும் பழக்கம் இருந்த வியாபாரம் இது. நம்பிக்கை இல்லாமல் ஒரு நாளும் நடவாது. 1985இலிருந்து, குறிப்பாக 1990இன் படுகொலைகளுக்குப் பின், இந்த வழிகள் ஒவ்வொன்றாக மூடின. மேற்கே தங்கள் சொந்த வயலுக்கே போக முடியாத நிலை முஸ்லிம் விவசாயிகள் பலருக்கு வந்தது. சோதனைச் சாவடி வந்தால் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அகலக் கரியர் பூட்டிய வண்டி அந்த உறவுகள் இருந்தன என்பதற்கும், அவை அறுந்தன என்பதற்கும் பொருட்சான்று. இனங்களின் உறவை மாநாட்டுத் தீர்மானங்களிலும் தேர்தல் முடிவுகளிலும் மட்டும் தேடும் நம் வரலாற்றெழுத்து இந்தச் சான்றைத் தொட்டதே இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

2004 டிசம்பர் 26இன் கடலுக்குப் பிறகு எதைச் சேகரிப்பது என்பது வலுவான மறுப்பு. இலங்கையில் சுனாமி அதிக உயிர்களைக் கொண்டுபோன மாவட்டம் அம்பாறை. இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களின் கரையோரத் தெருக்கள் அழிந்த இடத்தில் சைக்கிளைப் பற்றிப் பேசுவது சிறுமை என்று ஒருவர் கருதினால் அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் பிழைத்தவர்கள் முதலில் கேட்டவற்றுள் சைக்கிளும் இருந்தது. நிவாரணமாக வந்த வண்டிகள் இலங்கைக் கரையோரங்களில் ஏராளம். பந்தயச் சைக்கிள்களுக்குக் கியரும் பிரேக்கும் செய்யும் அமெரிக்க நிறுவனமான ஸ்ராமின் இணை நிறுவனர் எஃப். கே. டே, இந்தச் சுனாமியைத் தொடர்ந்து 2005இல் வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பைத் தொடங்கி இலங்கையில் 24,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களைக் கொடுத்தார். இன்று ஆபிரிக்க நாடுகளில் பரந்து வேலை செய்யும் அந்த அமைப்பின் முதல் களம் இலங்கைதான். விலையுயர்ந்த கார்பன் வண்டிகளின் உலகம், சைக்கிள் என்றால் பாரம் சுமக்கும் பொருள் என்பதை இங்கேயே கற்றுக்கொண்டது. அந்த நிவாரண வண்டிகளுக்கும் இப்போது இருபது வயது ஆகிறது. அழகில்லை, அரிய பெயரில்லை என்பதால் சேகரிப்போர் யாரும் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பேரழிவிலிருந்து ஊர் எழுந்ததன் நேரடிப் பொருள் அவை. ஒன்றாவது காப்பாற்றப்பட வேண்டாமா?

இன்னொரு மறுப்பு சேகரிப்போரிடமிருந்தே வரும். மாற்றப்பட்ட வண்டியெல்லாம் சான்று என்றால், கண்ட இரும்பையும் பூட்டி வரலாறு என்று விற்கலாமே. அசல் என்ற வரம்பு இருப்பதே ஏமாற்றைத் தடுக்கத்தானே? கேள்வி சரியானது. அதற்கான விடை, வரம்பைத் தளர்த்துவதில் இல்லை, வேறு வரம்பு வைப்பதில் இருக்கிறது. வண்டி யாருடையது, எந்தத் தொழிலுக்கு ஓடியது, எந்த வழியில் போனது, எந்தக் கடையில் எப்போது என்ன மாற்றப்பட்டது என்ற விவரம் இல்லாத வண்டியைச் சேர்க்கக் கூடாது. கார்பன் சேகரிப்பில் சட்டக எண்ணுக்கு இருக்கும் இடத்தை இங்கே இந்த விவரம் பெற வேண்டும். அதைச் சரிபார்க்க எழுத்துச் சான்றும் உண்டு. சைக்கிளுக்கு ஒரு காலத்தில் வருடா வருடம் உள்ளூராட்சிச் சபையில் லைசன்ஸ் எடுத்துத் தகடு பூட்ட வேண்டியிருந்தது. தகடுகள் இன்னும் பல வீடுகளில் ஆணியில் தொங்குகின்றன. சபைகளின் பழைய பதிவேடுகளில் எஞ்சியவற்றை யாராவது தேடி எடுத்தாக வேண்டும்.

இதெல்லாம் பழைய நினைவில் மயங்குவது, மோட்டார் சைக்கிளும் த்ரீவீலரும் வந்த பிறகு சைக்கிளின் காலம் முடிந்தது என்போருக்கு 2022 பதில் சொல்லிவிட்டது. எரிபொருள் வரிசை நாட்கணக்கில் நீண்டபோது ஆசிரியரும் அரச ஊழியரும் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். புது வண்டியின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. வீட்டுப் பின்புறத்தில் கிடந்தவற்றை வெளியே எடுத்தபோது அவற்றை ஓட வைக்கத் தெரிந்த கைகள் எவ்வளவு குறைந்துவிட்டன என்பதும் அப்போதுதான் தெரிந்தது. 1960களில் பையனாகக் கடையில் சேர்ந்து இங்கிலாந்து ஹப்பைப் பிரித்துப் பழகியவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். ஒரு பற்றுத் தழும்பைப் பார்த்து எந்த ஊர்க் கைவேலை, எந்தக் காலம் என்று சொல்லக் கூடியவர்கள் அவர்களே. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது; வரலாறு படிக்கும் மாணவர்களும், கையில் ஒலிப்பதிவு செய்யும் தொலைபேசியும் இருக்கின்றன. சட்டகங்களை வாங்கும் பணத்துக்கும் வைக்கும் இடத்துக்கும் முன்னால், இந்தத் திருத்துநர்களின் கடைகளில் போய் உட்கார்ந்து கேட்டு எழுதும் வேலை தொடங்க வேண்டும்.