குடகு தந்த தூதுவர்

தூது செல்லுதல் ஆடவர்க்கே உரிய தொழில் என்று எண்ணுவோர் புறநானூற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நலம். அதியமானின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஒளவைப் பிராட்டியார் அன்றோ? அங்ஙனமிருந்தும், சுதந்திர பாரதத்தில் ஒரு பெண்மணி தூதுவர் பதவியை அடைய இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டியிருந்தது. அவரே சோனிரா பெள்ளியப்பா முத்தம்மா.

காவிரி பிறக்கும் குடகு நாட்டில், வீரராஜபேட்டையில், 1924 ஜனவரி 24ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வனத்துறை அதிகாரி. முத்தம்மா ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்தபோதே அவர் மறைந்தார். நான்கு மக்களையும் கற்பித்து ஆளாக்கும் பொறுப்பைத் தாயார் தனியொருவராய்ச் சுமந்தார். மடிக்கேரியில் பள்ளிக் கல்வி. பின்னர் சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெற்று, மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. தேறினார். அவர் அறிவு முதிர்ந்தது சென்னையில் என்று நாம் சிறிது பெருமை கொள்ளலாம்.

1948இல் மத்தியத் தேர்வாணையத்தின் தேர்வில் வென்றார். அத்தேர்வில் வெற்றி கண்ட முதற் பெண்மணி இவரே. நேர்முகத் தேர்வுக் குழுவினரோ, வெளிநாட்டுப் பணி பெண்களுக்கு ஏற்றதன்று என்று சொல்லி அவர் மனத்தை மாற்ற முயன்றனர். அவர் அசையவில்லை. 1949இல் பணியில் சேரும்போது, மணம் புரிந்தால் பதவி துறப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. உடன் சேர்ந்த ஆடவர் எவரிடமும் அத்தகைய சீட்டு கேட்கப்படவில்லை!

பாரிஸ், ரங்கூன், லண்டன், டில்லி எனப் பல இடங்களில் பணியாற்றியபின், 1970இல் ஹங்கேரிக்குத் தூதுவரானார். விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் முன்னமே தூதுவராக விளங்கியவரேனும், அவர் அரசியலிலிருந்து வந்தவர். பணியிற் படிப்படியாக உயர்ந்து தூதுவரான முதற் பெண்மணி முத்தம்மாவே. பின்னர் கானாவிலும் பணிபுரிந்தார்.

ஆயினும் மேல்நிலைப் பதவி உயர்வு அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1961ஆம் ஆண்டின் பணி விதிகளுள் ஒன்று, பெண் அதிகாரி மணம் புரிய அரசின் அனுமதியை எழுத்து மூலம் பெற வேண்டும் என்றது. குடும்பப் பொறுப்பு அலுவலுக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால் அவரைப் பதவி விலகச் சொல்லவும் இடந்தந்தது. மணமான பெண்ணுக்கு நியமனம் உரிமையாகாது என்றது மற்றொரு விதி. வழக்கு நடக்கையிலேயே அரசு பதவி உயர்வு அளித்து அவரை ஹேக் நகருக்குத் தூதுவராக்கியது. ஆதலால் 1979 செப்டம்பரில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. மனு தள்ளுபடியாயிற்றே தவிர, அது எழுப்பிய வினா தள்ளுபடியாகவில்லை. இவ்விதிகள் சமத்துவ உரிமைக்கு முரணானவை என்று நீதிபதி கடிந்துரைத்து, பணி விதிகள் அனைத்தையும் ஆராய்ந்து குறை களையுமாறு அரசை வற்புறுத்தினார். அவ்விதிகள் பின்னர் நீங்கின.

வழக்குத் தொடுத்தவருக்குக் கிடைத்ததோ ஒரு பதவி உயர்வு மட்டுமே. பயனடைந்தவர்கள் பின்வந்த பெண் அதிகாரிகள். முத்தம்மா மணம் புரிந்துகொள்ளவேயில்லை. 1982இல் ஓய்வு பெற்றார். ஸ்வீடன் நாட்டு ஓலோஃப் பால்மே தலைமையில் அமைந்த ஆயுதக் குறைப்புக் குழுவிலும் அங்கம் வகித்தார். அரசு நிர்வாகத்தைக் கண்டித்து நூல் எழுதிய அதே கை, குடகு நாட்டுச் சமையல் பற்றிய நூலொன்றிலும் பங்கு கொண்டது. டில்லியில் தமக்கிருந்த நிலத்தை அநாதைக் குழந்தைகளுக்கென அன்னை தெரேசாவின் சபைக்கு ஈந்துவிட்டு, 2009 அக்டோபர் 14ஆம் நாள் பெங்களூரில் காலமானார்.