மடக்கு ரிவால்வரும் நான்கு ஆலைகளும்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பிரிட்டிஷ் இந்தியாவின் படை, காவல் வரலாற்றோடு பிணைந்த கைத்துப்பாக்கி வெப்லி வகை மடக்கு ரிவால்வர். பர்மிங்காமின் வெப்லி நிறுவனம், என்ஃபீல்டு அரசு ஆலை, கான்பூர் சிறு ஆயுத ஆலை, உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் வெப்லி பெயரில் எழுந்த ஆலை ஆகிய நான்கும் இவ்வகையை உருவாக்கியுள்ளன. இவற்றுள் சிறந்தது எது என்ற கேள்விக்கு மெருகையும் பெயரையும் வைத்தே பெரும்பாலும் விடை சொல்லப்படுகிறது. ஒவ்வோர் ஆலைக்கும் சட்டமும் சந்தையும் எவ்வளவு இடம் விட்டன என்பதைக் கணக்கில் கொள்ளாத தரவரிசை பிழையானது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. துப்பாக்கி உழவுக் கருவியாகவும் சட்டப் பொருளாகவும் நெடுங்காலம் இருந்துவரும் கம்பம் பள்ளத்தாக்கு இவ்வாதத்திற்கு உரைகல்லாகிறது.

1. சிக்கல்

இந்தியாவில் உரிமம் பெற்றோர் வெளிநாட்டு ஆயுதத்தை இறக்குமதி செய்வது 1980களின் நடுவில் ஏறக்குறைய நின்றுபோனது. அதன்பின் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகள் கைமாறும்போது அவற்றின் விலை லட்சங்களில் ஏறியது. ‘ஒரிஜினல் வெப்லி’ என்றால் ஒரு மதிப்பு, ‘கான்பூர்’ என்றால் ஒரு படி இறக்கம் என்ற எண்ணம் வேரூன்றியது அப்போதுதான். வெளிநாட்டுக் கைக்குத் திறமை உண்டு, நம்மூர்க் கைக்கு இல்லை என்பதே இதன் உட்பொருள். இந்த எண்ணம் சரியா என்று பார்க்க, கை, கருவி, சட்டம் ஆகிய மூன்றையும் தனித்தனியே நிறுக்க வேண்டும்.

2. வகையின் இலக்கணம்

மடக்கு ரிவால்வரின் சட்டகம் ஒரே துண்டானதன்று. குழலும் சுழலறையும் முன்பக்கக் கீலில் தொங்கும். பின்பக்கத் தாழைப் பெருவிரலால் அழுத்திக் குழலைக் கீழே சாய்த்தால் நடுவிலுள்ள நட்சத்திர வடிவத் தள்ளி எழும்பி, சுட்டு முடிந்த ஆறு கூடுகளையும் ஒரே வீச்சில் வெளியே தள்ளும். விரைந்து மறுபடி தோட்டா நிரப்பலாம் என்பதே இதன் முதல் வலிமை. கீலும் தாழும் தேய்ந்தால் சட்டகம் ஆடத் தொடங்கும் என்பது இதன் நிரந்தர வலுவின்மை. அமெரிக்காவில் கோல்ட் நிறுவனம் 1889இலும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1896இலும் பக்கவாட்டில் வெளியே சாயும் சுழலறைக்கு மாறியதற்கு, ஒரே துண்டான சட்டகத்தின் உறுதியும் ஒரு முக்கியக் காரணம். பிரிட்டன் மாறவில்லை. எனவே கீலையும் தாழையும் ஓர் ஆலை எவ்வளவு நுட்பமாகப் பொருத்துகிறது என்பதே இவ்வகையில் முதல் அளவுகோல். வெப்லியின் தாழ் குதிரையேற்ற அங்கவடியைப் போன்ற வடிவுடையது. அது முழுதும் பூட்டாதவரை சுத்தியல் தோட்டாவை எட்டாது. பாதுகாப்பும் உறுதியும் ஒரே உறுப்பில் கூடியதால்தான் இவ்வடிவம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அரசுப் பணியில் நீடித்தது.

3. பர்மிங்காம்: வெப்லி

வெப்லி மார்க் 1 பிரிட்டிஷ் படையில் ஏற்கப்பட்டது 1887இல். .455 அளவு கொண்ட இவ்வரிசை படிப்படியாகத் திருத்தப்பட்டு, 1915இல் ஆறு அங்குலக் குழலுடன் மார்க் 6 ஆக முழுமை பெற்றது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சேற்றிலும் அது நம்பகமானது என்று பெயர் எடுத்தது. மார்க் ஒன்றிலிருந்து ஆறுவரை அடிப்படை வடிவம் மாறவே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தாழ், தள்ளி, கைப்பிடி, குழல் நீளம் எனச் சிறுசிறு திருத்தங்களே நடந்தன. களத்தில் வாங்குபவர் சொன்ன குறையை அடுத்த மார்க்கில் நீக்கும் வழக்கம் இந்நிறுவனத்தின் உண்மையான திறன். மெருகு அதற்கு அடுத்ததே.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெப்லி தயாரித்த .38 மார்க் 4 ரிவால்வர்களில் ‘போர்க்கால மெருகு’ என்றே முத்திரை குத்தினார்கள். வெளிப்புறம் பளபளப்பாக்கப்படவில்லை, உள்ளுறுப்புகளின் பொருத்தத்தில் விட்டுக்கொடுக்கவில்லை என்பதே அதன் பொருள். மெருகை வைத்து ஆலையின் தரத்தை அளப்போருக்கு வெப்லியே எழுதிக்கொடுத்த மறுப்பு இது.

4. என்ஃபீல்டு: அரசு ஆலை

முதல் உலகப் போருக்குப் பின் .455 கனமானது, பயிற்சி குறைந்த வீரருக்குக் கடினமானது என்று படைத்துறை முடிவு செய்தது. 200 கிரெய்ன் எடையுள்ள ஈயக் குண்டு கொண்ட .38 தோட்டாவைத் தேர்ந்தது. இதற்காக வெப்லி தன் மார்க் 4 வடிவத்தை முன்வைத்தது. ஆனால் அரசு அவ்வடிவத்தைத் தன் என்ஃபீல்டு ஆலையில் மாற்றியமைத்து, என்ஃபீல்டு எண் 2 என்ற பெயரில் 1932இல் ஏற்றுக்கொண்டது. வடிவமைப்புக்கான செலவாக வெப்லி 2,250 பவுண்டு கோரியது. கண்டுபிடிப்பாளர்களுக்கான அரச ஆணையம் இறுதியில் 1,250 பவுண்டு வழங்கியது. தன் வடிவமைப்புக்கு வெப்லி உரிமை கோரியதில் நியாயம் இருந்தது என்பதை ஓர் அரசு ஆணையமே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம்.

இரண்டும் ஒரே வகை என்றாலும் உள்ளுறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தா. என்ஃபீல்டில் விசை அமைப்பைத் திறந்து பார்க்கப் பக்கத் தகடு உண்டு. பழுதுபார்க்கும் படைப்பட்டறைக்கு அது எளிமை தந்தது. 1938இல் சுத்தியலின் மேல்முனையை வெட்டி, விசையை இழுத்தால் மட்டுமே சுடும் வடிவமும் வந்தது. டாங்கிக்குள் இருப்பவரின் உடையிலும் கம்பிகளிலும் சுத்தியல் சிக்காமலிருக்க இந்த மாற்றம். ஆனால் நுணுக்கமாகக் குறிபார்த்துச் சுட விரும்பியவர்கள் இதை விரும்பவில்லை. கிளாஸ்கோவின் ஆல்பியன் மோட்டார்ஸ் இதையே தயாரித்தது. கிளைட்பேங்கிலிருந்த சிங்கர் தையல் இயந்திர ஆலை உறுப்புகள் செய்து தந்தது. துப்பாக்கியே செய்து பழகாத ஆலைகளுக்கும் கைமாற்றக்கூடிய வடிவத்தை உருவாக்கியதே என்ஃபீல்டின் சாதனை.

இதே காலத்தில் அட்லாண்டிக்கின் அக்கரையில் நடந்ததும் இதற்கு இணை. கோல்ட் நிறுவனத்திற்காக ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1911இல் அமெரிக்கப் படை ஏற்ற தானியங்கிக் கைத்துப்பாக்கியை, இரண்டாம் உலகப் போரில் தட்டச்சு இயந்திரம் செய்த ரெமிங்டன் ராண்டும் இரயில் சைகைக் கருவிகள் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னலும் பெருமளவில் தயாரித்தன. சிங்கர் செய்தது 500 மட்டுமே. இன்று சேகரிப்பாளரிடம் அதிக விலைபோவது அந்த 500தான். அரிதானது வேறு, சிறந்தது வேறு. விலையைத் தரமாக வாசிக்கும் தவறு அங்கும் உண்டு.

5. சட்டம் என்னும் வடிவமைப்பாளர்

இந்தியாவில் துப்பாக்கியின் வடிவத்தை ஆலைக்கு முன்பே சட்டம் தீர்மானித்துவிடுகிறது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. படையின் தோட்டா மக்கள் கைக்குப் போய்விடக்கூடாது என்ற அச்சத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அளவுத் தோட்டாக்களின் இறக்குமதியும் தடுக்கப்பட்டது. இங்கிலாந்தின் வேட்டைத் துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் .470 போன்ற புதிய அளவுகளைத் தேடியது அதனால்தான்.

தமிழ்நாட்டின் மிகப் புகழ்பெற்ற கைத்துப்பாக்கி நிகழ்விலும் இச்சட்டத்தின் தடம் தெரிகிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையிலிருந்தது வெப்லி அன்று, பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங். பிரிட்டிஷ் சட்டம் எட்டாத பிரெஞ்சுப் புதுச்சேரியில் பயிற்சி நடந்தது. எந்தக் கையில் எந்த ஆலையின் பொருள் சேரும் என்பதைச் சந்தையைவிட எல்லைக்கோடே தீர்மானித்தது.

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிகளும் .38, .455, 9 மி.மீ. கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்யப்பட்ட அளவுகளில் வைத்தன. பொதுமக்களுக்குக் கிடைத்தவற்றுள் முதன்மையானது .32. ஆகவே கான்பூர் சிறு ஆயுத ஆலை வெப்லி மார்க் 4 வடிவத்தைத் தழுவி ஒரு ரிவால்வரைச் செய்தபோது, .38 தோட்டாவுக்காக எண்ணப்பட்ட அமைப்பை .32க்கு மாற்ற வேண்டியதாயிற்று. அதன் குழல் 76.2 மி.மீ., மொத்த நீளம் 177.8 மி.மீ., எடை ஏறத்தாழ 700 கிராம். .32 தோட்டாவின் குண்டு, என்ஃபீல்டின் பழைய குண்டில் ஏறத்தாழப் பாதி எடையே கொண்டது. பெரிய தோட்டாவுக்கான கட்டமைப்பில் சிறிய தோட்டா என்பதால் கீலுக்கும் தாழுக்கும் சுமை குறைவு. ‘வலிமை குறைந்த நகல்’ என்று கான்பூரைச் சொல்வோர், வலிமையைக் குறைத்தது விதிப்புத்தகம் என்பதை மறக்கிறார்கள்.

6. பள்ளத்தாக்கின் சான்று

மேற்கே ஏலமலை, கிழக்கே வருசநாடு–மேகமலைத் தொடர், நடுவே முல்லைப்பெரியாற்று நீரில் விளையும் நெல், வாழை, திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கில் வயலும் வனமும் ஒட்டிக் கிடக்கின்றன. இங்கு உழவருக்குத் துப்பாக்கி என்றால் காட்டுப்பன்றியை விரட்டக் கரிமருந்து இடிக்கும் நீண்ட குழல்தான்.

1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு உழவருக்கான நீள்குழலுக்கும் கைத்துப்பாக்கிக்கும் உள்ள வேறுபாட்டை ஏற்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி நிரப்பும் துப்பாக்கியையும், பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ இருபது அங்குலத்துக்குக் குறையாத மழமழக் குழல் துப்பாக்கியையும் கேட்பவருக்கு உரிமம் எளிது. கைத்துப்பாக்கி கேட்பவர் தக்க காரணம் உண்டென்று அதிகாரியை ஏற்கவைக்க வேண்டும். ஆக, போடியின் ஏலக்காய் வணிகரும் கூடலூரின் தோட்டக்காரரும் ஒரே சட்டத்தின் கீழ் இருவேறு வாசல்களில் நிற்கிறார்கள்.

சட்டத்தின் சாய்வுக்கு இங்கு ஆழமான வரலாறும் உண்டு. 1920 ஏப்ரல் 3 அன்று, அன்றைய மதுரை மாவட்டத்தின் பெருங்காமநல்லூரில், குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த பிரமலைக் கள்ளர்மீது காவல்துறை சுட்டது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் இயங்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அந்தச் சட்டக் காலத்தின் எச்சம். ஆயுதம் யாரிடம் இருக்கலாம் என்ற கேள்வி இம்மண்ணில் ஆலையின் தரத்தைப் பற்றியதாக ஒருபோதும் இருந்ததில்லை.

அண்மைக் காலமும் இதையே சொல்கிறது. 2023 மே இறுதியில் அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள் புகுந்தபோது பயன்பட்டது மயக்க ஊசித் துப்பாக்கி. ஜூன் 5இல் அதைக் கொண்டே யானை பிடிபட்டது. காட்டோரத் தேவைக்கும் மடக்கு ரிவால்வருக்கும் தொடர்பில்லை. எனவே இந்திய ரிவால்வரின் வாங்குநர் பெரும்பாலும் மிரட்டலுக்கு அஞ்சுபவர், அல்லது மதிப்புக்காக வாங்குபவர். களத்திலிருந்து குறை எழுதி அனுப்பும் படை அவரிடம் இல்லை. வெப்லியை மார்க் ஒன்றிலிருந்து ஆறுக்கு நகர்த்திய விசை கான்பூருக்குக் கிடைக்கவில்லை.

7. கான்பூரும் ஹர்தோயும்

அப்படியானால் கான்பூர் முழுக்கக் குற்றமற்றதா? இல்லை. சட்டம் விட்ட இடத்திலும் அது நெடுங்காலம் நகரவில்லை. 2014இல் வந்த ‘நிர்பீக்’ பெண்களுக்கானது என்று அறிவிக்கப்பட்டது. டைட்டானியக் கலவையால் எடை 500 கிராமாகக் குறைந்தது, விலை 1,22,360 ரூபாயாக ஏறியது. பொறியமைப்போ அதே மடக்கு. தற்காப்புக்கு வாங்கும் சாதாரணப் பெண்ணுக்கு அவ்விலை எட்டாது என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. உலோகத்தை மாற்றிய ஆலை, வாங்குநர் யார் என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டது.

2020இல் வெப்லி பெயர் இந்தியாவுக்கே வந்தது. 1979இல் துப்பாக்கித் தயாரிப்பை நிறுத்திய அந்த பிரிட்டிஷ் பெயர், லக்னோவின் சியால் நிறுவனத்தோடு சேர்ந்து ஹர்தோய் மாவட்டத்தின் சண்டீலாவில் .32 ரிவால்வரைத் தொடங்கியது. நகல் என்று இகழப்பட்ட பொருளின் நாட்டிலேயே அசல் பெயர் குடியேறியபின், ‘அசல்’ என்ற அளவுகோல் செல்லாது. பர்மிங்காமின் கைப்பொருத்தம் பெயர்ப்பலகையோடு இடம்பெயர்வதில்லை. இவ்வாலை கான்பூருக்கு உண்மையான நன்மை செய்தது என்றால், போட்டியாளராக வந்ததுதான் அது.

படைக்கல ஆலைகள் 2021இல் நிறுவனங்களாக மாற்றப்பட்டபோது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. 1966 முதல் இயங்கும் திருச்சிப் படைக்கல ஆலையும் இன்று அதன் கீழ் உள்ளது. அந்நிறுவனம் 2023 ஆகஸ்டில் ‘பிரபல்’ ரிவால்வரை வெளியிட்டது. அதன் சுழலறை பக்கவாட்டில் சாய்வது. கோல்ட் 1889இல் எடுத்த முடிவுக்கு, போட்டி தலைகாட்டிய மூன்றே ஆண்டுகளில் கான்பூர் வந்து சேர்ந்தது. திறமை இல்லாததால் அல்ல, தேவையை உணர்த்துவோர் இல்லாததால்தான் அது காத்திருந்தது என்பதற்கு இக்கால வரிசை வலுவான குறிப்பு.

8. முடிவு

மூன்று அளவுகோல்களையும் பிரித்து வைத்தால் தரவரிசை ஒன்றாக நிற்பதில்லை. வடிவமைப்பிலும் தொடர் திருத்தத்திலும் வெப்லி முதலிடம் பெறும். பிற ஆலைகளுக்குக் கைமாற்றும் உற்பத்தித் திறனில் என்ஃபீல்டு முந்துகிறது, அது எழும்பிய அடித்தளம் வெப்லியுடையது என்றாலும். கான்பூரைக் கைத்திறனால் கீழே வைக்கப் போதிய சான்றில்லை. சட்டம் குறைத்த தோட்டாவுக்காக அதைக் குறைசொல்ல முடியாது, மூடிய சந்தையில் வடிவத்தை உறையவிட்டதற்காகச் சொல்லலாம். ஹர்தோய் ஆலையை அது பெற்ற பெயரால் அன்றி அதன் கீலும் தாழும் எத்தனை ஆண்டு ஆடாமல் நிற்கின்றன என்பதால்தான் மதிப்பிட வேண்டும்.

இந்த மதிப்பீட்டுக்குத் தேவையான தரவு உரிமப் பதிவுகளில் இருக்கிறது. ஒவ்வோர் உரிமத்திலும் ஆயுதத்தின் விவரமும் அடையாள எண்ணும் பதியப்படுகின்றன. தனிநபர் பெயர்களை நீக்கி, தேனி போன்ற ஒரு மாவட்டத்தில் எந்த வகை எவ்வளவு, எப்போது புதுப்பிக்கப்பட்டது, எப்போது ஒப்படைக்கப்பட்டது என்று தொகுத்தால், சேகரிப்பாளரின் சுவையிலிருந்து விலகி ஆலைகளை அவற்றின் பயன்பாட்டால் அளக்க முடியும். இந்தியச் சிறு ஆயுத வரலாற்றின் அடுத்த பணி அதுவாக இருக்க வேண்டும்.