சீகூர் வழி: மைசூரிலிருந்து உதகைக்குச் செல்லும் பாதையின் வரலாறு

மைசூரில் தேவராஜ மொஹல்லாவின் மார்க்கெட்டைத் தாண்டிக் கிழக்கே நடந்தால் புறநகர்ப் பேருந்து நிலையம் அமைந்த பெங்களூர்–நீலகிரி சாலையை அடையலாம். ஊரார் அதை பி.என். ரோடு என்கிறார்கள். இந்தச் சாலை தெற்கே நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் வழியாகச் சென்று மலையேறி உதகமண்டலத்தில் முடிகிறது. தமிழில் உதகையின் வரலாறு பெரும்பாலும் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்தே எழுதப்பட்டிருக்கிறது. சல்லிவன், மேட்டுப்பாளையம், மலை ரயில் என்று அந்தக் கதை வரிசையாக வந்துவிடும். வடக்கிலிருந்து மைசூர் வழியாக ஏறியவர்களின் பாதைக்கு அதில் ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. ஒரு காலத்தில் மலைக்கு முக்கிய வாயிலாக இருந்த அந்தப் பாதை ஏன் பின்வாசலாயிற்று என்பதும், மோட்டார் வண்டி அதை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்த பிறகு இன்று ஏன் அதை மெல்ல மூடி வருகிறோம் என்பதும் இக்கட்டுரையின் கேள்விகள்.

நீலகிரியைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று வடபுறத்துச் சாமராஜநகரில்தான் கிடைத்தது. 1117-ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோதவரை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்டதைச் சொல்கிறது. படை சென்றது என்றால் படை ஏறத் தடமும் இருந்தது என்றே கொள்ள வேண்டும். மலைமேல் தோதவர், கோத்தர், படகர், குறும்பர் ஆகியோர் தங்களுக்குள் பண்டம் மாற்றிக்கொள்ள நடந்து தேய்த்த ஒற்றையடிப் பாதைகள் வேறு இருந்தன. ஐரோப்பியர் 'கண்டுபிடித்த' வழிகள் பலவும் இவற்றின்மேல் போட்டவைதான். 1603-இல் கள்ளிக்கோட்டைப் பக்கமிருந்து ஏறிய ஃபெனிசியோ பாதிரியாரும் மலைமக்களின் தடங்களில்தான் நடந்தார்.

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறிக் கோத்தகிரிக்கு அருகே திம்மட்டியில் முதல் குடியிருப்பை அமைத்தார். பின்னர் உதகைக்கு மாறினார். 1823-க்கும் 1825-க்கும் இடையில் ஓடைகளை மறித்து ஏரியை உண்டாக்கியவரும் அவரே. உதகையில் ஊரையும் ஏரியையும் ஒரே கை ஏறக்குறைய ஒரே சமயத்தில் உருவாக்கியது. அந்த ஏரி இப்போதிருப்பதைவிடக் கிழக்கே வெகுதூரம் நீண்டிருந்தது. இன்று குதிரைப் பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் நிற்கும் நிலம் ஏரியிலிருந்து எடுக்கப்பட்டதே. உதகைக்கு வருபவர் பேருந்தைவிட்டு இறங்கியதும் ஏரிக்கு எப்படிப் போவது என்று விசாரிக்கிறார். அவர் நிற்பதே பழைய ஏரிப் படுகையில்தான்.

சல்லிவனின் முதல் பாதை சிறுமுகையிலிருந்து கோத்தகிரி வழியாக ஏறியது. அது கோயம்புத்தூர் நிர்வாகத்துக்குப் போதுமானது. சென்னை, பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம் ஆகிய இடங்களில் இருந்த படை முகாம்களிலிருந்து காய்ச்சலில் நலிந்து வருபவர்களுக்கு அது சுற்றுவழி. 1827 முதல் 1832 வரை சென்னை ஆளுநராக இருந்த லஷிங்டன் உதகையைப் படைவீரர்கள் உடல் தேறும் இடமாக்குவதில் முனைப்பாக இருந்தார். குன்னூர் வழியும் மைசூர்ப் பக்கம் இறங்கும் சீகூர் வழியும் 1830-களில் உருப்பெற்றதற்கு அவருடைய தூண்டுதலே காரணம். வெட்டியவர்கள் பயனியர் படையினர்.

மைசூர் நாட்டிலிருந்து மலைக்கு மனிதர்கள் மட்டும் ஏறவில்லை. உதகையின் புனித ஸ்டீபன் ஆலயம் 1830-இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதன் பெரும் உத்தரங்களும் மரவேலைகளும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையைப் பிரித்து எடுத்த மரங்களால் ஆனவை. தோற்ற அரசனின் கூரை வென்றவர்களின் கோயிலைத் தாங்குகிறது. அந்தக் கனத்தை மேலே கொண்டுசேர்த்த கூலியாட்களும் விலங்குகளும் பட்ட பாட்டை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

ஆட்கள் போன விதம் பற்றித் தெளிவான சான்று 1834-இல் கிடைக்கிறது. அந்த ஜூனில் சென்னையில் வந்திறங்கிய ஆங்கிலேய அரசியலாளர் மெக்காலே, உதகையில் தங்கியிருந்த தலைமை ஆளுநர் பெண்டிங்கைச் சந்திக்கப் புறப்பட்டார். பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் வழியாக ஏறக்குறைய நானூறு மைல். முழுத் தொலைவையும் மனிதர் தோளிலேயே கடந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பிரயாணம் மொத்தத்தில் இனிமையாக இருந்தது என்பது அவர் கருத்து. தூக்கியவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. பல்லக்கில் முறைவைத்துத் தோள் மாற்றுவார்கள். ஓரணி சுமக்க மறு அணி கூடவே ஓடும். சமவெளியில் இது வழக்கமான வேலை. மோயாற்றுக்கும் மலையடிவாரத்துக்கும் இடைப்பட்ட காடுதான் அச்சம் தந்தது. மலைக்காய்ச்சல் பிடிக்கும் இடம் என்பதால் அங்கே தங்காமல் விரைந்து கடப்பதே வழக்கம். உடல்நலம் தேடி மலைக்குப் போகும் வழியே உடலைக் கெடுக்கும் என்ற இந்த முரண் சீகூர் வழியை விட்டு நெடுங்காலம் விலகவில்லை.

பாதையின் தலையெழுத்தை மாற்றியது ரயில். 1873-இல் தண்டவாளம் மேட்டுப்பாளையத்தை எட்டியது. அதற்குச் சற்று முன்னர், 1871-இல், வண்டிகள் ஏறுமளவு சரிவு குறைக்கப்பட்ட புதிய குன்னூர்ச் சாலை திறக்கப்பட்டிருந்தது. 1870 முதல் சென்னை அரசே கோடைக்கு உதகைக்குக் குடிபெயரத் தொடங்கியிருந்தது. இந்த மூன்றும் அடுத்தடுத்து நேர்ந்தபின், சென்னையிலிருந்து வருபவர் மைசூரைச் சுற்ற வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ரயிலில் வந்து இறங்கி டோங்கா வண்டியில் ஏறினால் போதும். மைசூருக்கு ரயில் வந்தது 1882-இல். அது 1891-இல் நஞ்சன்கூட்டையும் 1926-இல் சாமராஜநகரையும் எட்டி, அங்கேயே நின்றுவிட்டது. மோயாற்றைத் தாண்டி மலைக்குத் தண்டவாளம் வரவேயில்லை. என் கணிப்பில், சீகூர் வழி பின்வாசலானது சரிவாலோ காய்ச்சலாலோ அல்ல, இந்த முற்றுப்பெறாத ரயில் பாதையால்.

எதிர்ப்பக்கம், மேட்டுப்பாளையத்தில், என்ன நடந்தது என்பது தெரிந்த கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் ஏரிக்கரையிலிருந்து ரிகி மலைக்கு 1871-இல் பல்சக்கர ரயில் விட்ட ரிகன்பாக், 1882-இல் நீலகிரிக்கும் ஒரு திட்டம் தந்தார். 1891-இல் பணி தொடங்கியது. நடுவில் கம்பெனி நொடித்துப்போனது. 1899 ஜூனில் குன்னூர் வரையும், 1908 அக்டோபரில் உதகை வரையும் ரயில் ஓடியது. கையாண்டது ரிகன்பாக்கின் முறையை அல்ல, அவரிடம் பயின்ற ஆப்ட் என்பவரின் முறையை. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பல்பட்டைகள் அருகருகே கிடக்கும். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றொன்றின் பள்ளம் வரும்படி அவற்றைச் சற்றுத் தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். எஞ்சினின் பல்சக்கரம் உருளும்போது எந்தக் கணத்திலும் ஒரு பல்லாவது பிடித்துக்கொண்டே இருக்கும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை, 12.5 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், எஞ்சின் முன்னே இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் பிரேக் போட ஓர் ஆள் உண்டு. 46 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்த ரயிலின் அழகைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் மனம் வராது. 'மூன்றாம் பிறை' படம் பார்த்தவர்களுக்கு இன்னும் வராது. ஆனால் உதகைக்கு ஒரு நாளில் வருபவர்களில் சின்னஞ்சிறு பகுதியைத்தான் அது சுமக்கிறது. மற்ற எல்லோரும் சாலையில் வருகிறார்கள்.

மோட்டார் வண்டி வந்தபின் மைசூர் வழிக்கு மீண்டும் மவுசு வந்தது. உதகையில் ஃபெர்ன்ஹில் மாளிகை வைத்திருந்த மைசூர் அரச குடும்பத்துக்கு இது எப்போதுமே சொந்த வழி. பெங்களூர்க்காரர்களின் சனி, ஞாயிறு வழியாக அது மாறியது பிற்பாடு. தெப்பக்காட்டில் பாதை இரண்டாகப் பிரிகிறது. கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழியாகப் போனால் மைசூரிலிருந்து 150 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மசினகுடி, கல்லட்டி வழியாக ஏறினால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் மிச்சம். இந்தக் கல்லட்டிச் சாலைதான் பழைய சீகூர் வழி. ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தை 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவிடுகிறது. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. இடைவிடாமல் பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். சமவெளிப் பழக்கத்தில் வந்தவர்கள் கவிழ்ந்த விபத்துகள் தொடரவே, உதகையிலிருந்து இவ்வழியே இறங்க வெளியூர் வண்டிகளுக்குத் தடை வந்தது. ஏறி வரலாம், இறங்கக் கூடலூர் வழியாகச் சுற்ற வேண்டும்.

இதற்குள் அடிவாரக் காட்டின் பொருளே மாறிவிட்டது. முதுமலை 1940-இல் சரணாலயமானது. பந்திப்பூர் 1973-இல் புலிகள் காப்பகமானது. பயணிகள் காய்ச்சலுக்குப் பயந்து ஓடிக் கடந்த காட்டில், பயணிகளுக்குப் பயந்து விலங்குகள் ஓடும் நிலை வந்தது. 2009 முதல் பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் ஆம்புலன்ஸ்களுக்கும் மட்டும் விலக்கு. மலைச்சரிவுக்கும் மோயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் இடையிலான சீகூர்ப் பீடபூமி, கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் வழி. அந்த வழித்தடத்தை 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பாதைக்கு முதல் உரிமை யாருக்கு என்ற வழக்கில் மனிதன் தோற்ற அபூர்வமான தீர்ப்பு அது. அங்கு விடுதி நடத்தியவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்த கட்டுப்பாடு மலைமேலிருந்து வந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் நீலகிரிக்கு எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது: வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. லஷிங்டன் காலத்து நிர்வாகத்தின் கவலை, போதிய ஆட்களை மேலே ஏற்றுவது எப்படி என்பதாக இருந்தது. இன்றைய நிர்வாகத்தின் கவலை அதற்கு நேர் எதிர். இந்த வரையறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. அது எண்ணுவது வண்டிகளை, மனிதர்களை அல்ல. ஒருவர் மட்டும் வரும் காரும் ஏழுபேர் நெருக்கி உட்காரும் வேனும் அதன் கணக்கில் ஒன்றே. அரசுப் பேருந்து அந்தக் கணக்கிலேயே இல்லை. பி.என். ரோட்டிலிருந்து புறப்படும் ஊட்டி பஸ்ஸில் இருப்பவர்களிடம் கக்கநல்லாச் சோதனைச் சாவடியில் யாரும் இ-பாஸ் கேட்பதில்லை.