காஃப் ஸகூத்

எபிரேய மொழியில் ‘காஃப்’ என்றால் உள்ளங்கை. தராசுத் தட்டுக்கும் அதே பெயர். ‘ஸகூத்’ வழக்கு மன்றத்திலும் புழங்கும் சொல்: ஒருவருக்குச் சாதகமாக நிற்கும் நியாயம். பிறரை எடைபோடும்போது அந்தத் தட்டைத் தாழவிடு என்பது தொடரின் பொருள். யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் ‘பிர்கே ஆவோத்’ முதல் அதிகாரத்தில் இது யோசுவா பென் பெராக்கியாவின் அறிவுரையாக வருகிறது.

மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூதின் ‘சப்பாத்’ பகுதியில் இதற்கு அருமையான கதை ஒன்று உண்டு. கலிலேயாக்காரர் ஒருவர் தெற்கே மூன்று ஆண்டு உழைத்துவிட்டு, பாவநிவாரண நாளான யோம் கிப்பூருக்கு முந்தைய நாள் கூலி கேட்கிறார். பணம் இல்லை என்கிறார் முதலாளி. விளைச்சல்? நிலம்? ஆடுமாடு? தலையணை, போர்வையாவது? எதுவுமே இல்லை. வெறுங்கையோடு ஊர் திரும்புகிறார். பண்டிகை கழிந்ததும் முதலாளியே கூலியோடும் மூன்று கழுதைச் சுமையோடும் தேடி வந்து, நான் இல்லை என்றபோது என்ன நினைத்தாய் என்று கேட்கிறார். ஒவ்வொரு ‘இல்லை’க்கும் தொழிலாளியிடம் ஒரு காரணம் இருந்தது: மலிவாகக் கிடைத்த சரக்கில் பணம் முடங்கியிருக்கும், நிலம் குத்தகைக்குப் போயிருக்கும், விளைச்சலுக்குத் தசமபாகம் கழித்திருக்காது. கடைசியில், சொத்து முழுவதையும் கடவுளுக்கு நேர்ந்துவிட்டிருப்பார். நடந்ததும் அதுதான்; மகன் வேதம் படிக்காத வருத்தத்தில் செய்த அந்த நேர்ச்சையை அறிஞர்கள் பிறகு விலக்கினார்கள்.

தீயவர் என்று நன்கு தெரிந்தவரிடம் எச்சரிக்கையாகவே இருக்க வேண்டும் என்று யூத அறிஞர் மைமோனிடஸ் இந்த அறிவுரைக்கு ஓர் எல்லையும் வகுத்தார்.