பாரிஸ் நகரின் உயரமும் ஆழமும்: முதியோரும் சென்று கண்ட துணிகரக் காட்சிகள்

பெருநகரைக் காண்பது என்றால் அகன்ற வீதிகளில் உலாவுவதும், மாளிகைகளின் முன் நின்று படம் பிடிப்பதும், மாலையில் களைத்து வீடு திரும்புவதுமே என்று எம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். பாரிஸ் நகரைப் பொறுத்தவரை இது அரைவாசி உண்மை. இந் நகரைக் காண வந்தோர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வானில் ஏறியும் நிலத்தின் கீழ் இறங்கியும் அதனைக் கண்டு வந்துள்ளனர். அவ்வாறு ஏறி இறங்கியோர் அனைவரும் இளைஞர் அல்லர் என்பதே இக் கட்டுரை எடுத்துக் கூற விரும்பும் செய்தி.

இதனை எழுதத் தூண்டியது எமது வீடுகளின் நிலைமையே. பிள்ளைகளின் அழைப்பில், வயது சென்ற பின் இங்கு வந்து சேர்ந்த தாய் தந்தையர் அறிந்த பாரிஸ் மிகவும் சிறியது. நான்காம் மாடியில் ஒரு வீடு, வைத்தியசாலை, வதிவிட அட்டைக்காகக் காத்திருந்த அலுவலகம், லா சப்பல் கடைத்தெரு, கோவில் அல்லது தேவாலயம். இவற்றுக்கு அப்பால் உள்ள நகரம் பேரப்பிள்ளைகளுக்கு உரியது என்று அம்மம்மாவும் அப்பப்பாவும் தாமாகவே ஒதுங்கி விடுகின்றனர். "கால் நோகும்" என்று பிள்ளைகளும் விட்டு விடுகின்றனர். ஆனால் கால் நோகும் மனிதரையும் உயரத்துக்கும் ஆழத்துக்கும் அழைத்துச் செல்ல வழி தேடியதே இந் நகரின் வரலாறாக இருந்திருக்கிறது.

1783ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், மனிதர் இருவர் மொன்கொல்பியே சகோதரர் அமைத்த வெப்பக்காற்றுப் பலூனில் பாரிசின் மேற்குப் புறத்திலிருந்து எழுந்து, ஏறத்தாழ 25 நிமிடம் நகரின் மேலாக மிதந்து சென்று இறங்கினர். கயிற்றினாற் கட்டப்படாத பலூனில் மனிதர் பறந்த முதல் நிகழ்ச்சி அது. அதனைக் கண்டு, நிகழ்ச்சி பற்றிய அறிக்கையிற் கையொப்பம் இட்டவர்களுள் அமெரிக்கத் தூதுவர் பெஞ்சமின் பிராங்கிளினும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 77. கீல்வாதமும் கல்லடைப்பும் அவரை வாட்டிக் கொண்டிருந்தன. பத்து நாட்களின் பின், டிசம்பர் 1ஆம் நாள், துய்லரி பூங்காவிலிருந்து சார்ள் என்ற அறிவியலாளர் ஐதரசன் வாயு நிரப்பிய பலூனில் எழுந்தபோது, நகரமே திரண்டு வந்து அண்ணாந்து பார்த்தது. பிராங்கிளின் தமது குதிரை வண்டியை விட்டு இறங்காமலே, கையிலிருந்த தொலைநோக்கியால் அப் பலூன் சிறு புள்ளியாகும் வரை பார்த்துக் கொண்டிருந்தார். பின்னர் கண்டவற்றை விரிவாக எழுதி இலண்டனுக்குக் கடிதமும் அனுப்பினார். வண்டியில் இருந்தபடி பார்த்தலும் பார்த்தலே. இதனை எமது முதியோருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

வண்டியில் இருந்து பார்ப்பதோடு நிற்காது, தாமே மேலே எழும் வாய்ப்புப் பொதுமக்களுக்கு 1878இல் கிட்டியது. அவ்வாண்டு உலகக் கண்காட்சிக் காலத்தில் ஹென்றி கிபார் என்ற பொறியியலாளர் அதே துய்லரி வளாகத்தில் ஒரு மாபெரும் கட்டுப்பலூனை நிறுவினார். வடத்தினாற் பிணைக்கப்பட்ட இப் பலூனை நீராவி இயந்திரம் ஒன்று விடுவதும் இழுப்பதுமாக இருந்தது. ஒரே தடவையில் நாற்பது பேர் வரை ஏறலாம். 500 மீற்றர் உயரம் வரை சென்று மீளலாம். அப் பருவத்தில் ஏறத்தாழ 35,000 பேர் அவ்வாறு சென்று வந்தனர். வீரர் இருவர் உயிரைப் பணயம் வைத்துச் செய்ததை, ஒரு நூற்றாண்டு கழியுமுன் சீட்டு வாங்கிய எவரும் செய்ய முடிந்தது. வடமும் சுழலியுமே இந்த மாற்றத்தை உண்டாக்கின. 2024ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டின்போது, விழாச் சுடரை ஏந்திய கொப்பரை பலூன் ஒன்றுடன் இப் பூங்காவிலேயே இரவு தோறும் மேலெழுந்ததைப் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்பர். அந்த இடத்துக்கு இத்தகைய பழைமை உண்டு.

பதினொரு ஆண்டுகளின் பின் எழுந்தது ஈபிள் கோபுரம். 1889 மார்ச் 31ஆம் நாள் அதன் நிறைவு விழா. மின்தூக்கிகள் இன்னும் இயங்கத் தொடங்கவில்லை. ஆகவே குஸ்தாவ் ஈபிள் தமது 56ஆம் வயதில் விருந்தினரை அழைத்துக் கொண்டு படிகளால் ஏறினார். ஏறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வந்தோரிற் பெரும்பாலோர் கீழ்த் தளங்களிலேயே நின்று விட்டனர். உச்சிவரை சென்ற சிலரின் முன்னிலையில், பிற்பகல் 2.35 மணிக்கு ஈபிள் கொடியேற்றினார். மே மாதத்தில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பின்னரும் சில நாட்கள் மின்தூக்கி வரவில்லை. அந் நாட்களில் ஏறத்தாழ 30,000 பேர் 1,710 படிகளையும் காலால் ஏறிக் கடந்தனர் என்பது பதிவாகியுள்ளது.

மே 26ஆம் நாள் தொடக்கம் நிலைமை மாறியது. நீரின் அழுத்தத்தால் இயங்கிய தூக்கிகள் மக்களைச் சுமக்கத் தொடங்கின. கோபுரத்தின் கால்கள் வளைந்து செல்வதால், நேராக ஏறும் சாதாரணத் தூக்கி அங்கு பயன்படாது. அமெரிக்க நிறுவனமான ஓட்டிஸ் உட்பட வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு முறைகளைக் கையாண்டன. இரண்டாம் தளத்திலிருந்து உச்சிக்குச் செல்லும் தூக்கி மிகவும் விசித்திரமானது. பாதி வழியில், நிலத்திலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்தில், பயணிகள் ஒரு பெட்டியை விட்டு இறங்கி, சிறு நடைபாலத்தின் மேலாக மற்றப் பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது. நீர் உறைந்து விடும் என்பதால் குளிர்காலத்தில் அது ஓடுவதில்லை. இந்த ஏற்பாடு 1980களின் தொடக்கம் வரை நீடித்தது என்றால் பலர் வியப்பர்! கண்காட்சி நடந்த ஆறு மாதங்களில் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் கோபுரத்தில் ஏறினர். உச்சிக்கு 5 பிராங். ஞாயிற்றுக்கிழமைகளில் அரைக் கட்டணம்.

ஈபிளின் முதுமை தனியே கூறத் தக்கது. பனாமாக் கால்வாய் ஊழல் வழக்கில் அவர் பெயர் அடிபட்டது. 1893இல் விதிக்கப்பட்ட தண்டனை மேல்நீதிமன்றத்தால் நீக்கப்பட்ட போதிலும், அவர் தொழிலை விட்டு ஒதுங்கினார். அத்தோடு அவர் கதை முடிந்தது என்றே பலர் கருதியிருப்பர். ஆனால் எழுபது வயதை அடைந்த பின்னரே அவர் தமது கோபுரத்தை ஆய்வுகூடமாக்கினார். இரண்டாம் தளத்திலிருந்து பொருட்களைக் கீழே விழ விட்டு, காற்று அவற்றை எவ்வாறு தடுக்கிறது என்று அளந்தார். 1909இல் கோபுரத்தின் அடியில் காற்றுச் சுரங்கம் ஒன்றையும் அமைத்தார். இருபது ஆண்டு அனுமதி முடிந்ததும் இடித்து விடப்பட இருந்த கோபுரத்தை வானொலி அலைகளுக்குப் பயன்படுத்தச் செய்து காப்பாற்றியதும் இக் காலத்திலேயே. 1923இல் தமது 91ஆம் வயதில் அவர் மறைந்தார்.

1940இல் ஜேர்மானியப் படைகள் நகருட் புகுந்தபோது தூக்கிகளின் வடங்கள் அறுக்கப்பட்டிருந்தன. உச்சியில் தமது கொடியைக் கட்ட வந்த படையினர் படிகளாலேயே ஏற வேண்டியதாயிற்று. 1946 வரை தூக்கி ஓடவில்லை. ஒரு நகரம் முதியோரையும் சிறுவரையும் உயரத்துக்கு அழைத்துச் செல்வதற்கு முதலில் அங்கு சமாதானம் வேண்டும் போலும்.

1900ஆம் ஆண்டுக் கண்காட்சி இத் துறையில் உச்ச நிலையை எட்டியது. அங்கே வீதிக்கு மேலே உயர்த்தி அமைக்கப்பட்ட நகரும் நடைபாதை ஒன்று இருந்தது. ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீற்றர் நீளமான வட்டப் பாதை அது. ஒரு தட்டு மெதுவாகவும் அடுத்தது இரு மடங்கு விரைவாகவும் நகர்ந்தன. மெதுவான தட்டில் ஏறிப் பழகிய பின், கைபிடித் தூணைப் பற்றிக் கொண்டு விரைவான தட்டுக்கு மாறலாம். நடக்க இயலாதோரும் நின்ற நிலையிலே கண்காட்சியைச் சுற்றி வர அது வழி செய்தது.

அதே ஆண்டில் ஈபிள் கோபுரத்துக்கு அண்மையில், ஏறத்தாழ 100 மீற்றர் உயரமான இராட்சதச் சக்கரம் ஒன்றும் சுழன்றது. அதில் 40 பெட்டிகள். ஒவ்வொன்றும் புகையிரதப் பெட்டி அளவு பெரியது. மேலே சென்றதும் யன்னல் வழியே நகர் முழுவதும் விரியும். ஏணியும் இல்லை, படியும் இல்லை. வயோதிபர் இருந்தபடியே வானில் எழக் கூடிய வசதி அது. ஆனால் இச் சக்கரத்தின் முடிவே எம்மவர் அறிய வேண்டிய பகுதி. முதலாம் உலகப் போரில் பிரான்சின் ஊர்கள் பல அழிந்தன. குடும்பங்கள் வீடின்றி நின்றன. அப்போது சக்கரத்தின் பெட்டிகள் கழற்றப்பட்டு, அழிந்த பகுதிகளின் மக்களுக்கு வீடுகளாக வழங்கப்பட்டன. காசு கொடுத்து வானத்தைப் பார்க்க ஏறிய பெட்டிக்குள் ஒரு குடும்பம் அடுப்பு மூட்டிச் சமைத்து, பிள்ளைகளைப் படுக்க வைத்தது. பாடசாலைக் கட்டடத்திலும் கோவில் மண்டபத்திலும் படுத்தெழும்பிய எமக்கு அந்த வாழ்வை எவரும் விளக்க வேண்டியதில்லை. இந் நகரின் களியாட்ட வரலாற்றிலும் அகதியின் அடிச்சுவடு உண்டு.

இனி நிலத்தின் கீழே செல்வோம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் ஒஸ்மான் என்ற ஆட்சியாளர் பாரிசின் வீதிகளை இடித்து அகலமாக்கியபோது, பெல்கிறான் என்ற பொறியியலாளர் அவற்றின் கீழே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளமான கழிவுநீர்க் கால்வாய்களை அமைத்தார். அவற்றைக் கண்டு பெருமை கொண்ட நகர நிர்வாகம் 1867ஆம் ஆண்டுக் கண்காட்சியை ஒட்டிப் பொதுமக்களையும் உள்ளே அனுமதித்தது. சாக்கடையைப் பார்ப்பதற்கு யார் போவார் என்று கேட்கலாம். நல்லுடை அணிந்த சீமாட்டிகளும் போயினர்! தண்டவாளத்தில் ஓடிய சிறு வண்டிகளிலும் படகுகளிலும் அமர்ந்து, விளக்கொளியில் அவர்கள் நகரின் அடிவயிற்றைக் கண்டனர். நடக்கும் துன்பம் பெரும்பாலும் இல்லை. படகுச் சவாரி 1970களின் நடுப்பகுதி வரை நீடித்தது. பின்னர் அல்மா பாலத்தின் அருகே நடந்து பார்க்கும் அருங்காட்சியகமாக அது மாறியது. வண்டியையும் படகையும் நிறுத்தியது முதியோருக்குப் பேரிழப்பு என்றே கூற வேண்டும்.

இச் சாக்கடைகளை உலகறியச் செய்தவர் விக்ரர் ஹியூகோ. 1862இல் வெளிவந்த அவரது பெருநாவலில், காயமுற்ற இளைஞனைத் தோளிற் சுமந்து கொண்டு சாக்கடை வழியே தப்பிச் செல்லும் ஜான் வல்ஜான் அறுபது வயதைக் கடந்தவன். படம் எடுத்தோர் அவனை வலிமை பொருந்திய நடுவயதினனாகக் காட்டி விடுவதால் இது மறக்கப்படுகிறது.

பழைய கற்சுரங்கங்களில் அமைந்த எலும்புக் குகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிரம்பி வழிந்த சேமக்காலைகளின் எலும்புகள் 1780களில் இரவு வேளைகளில் வண்டிகளில் ஏற்றப்பட்டு அங்கு கொண்டு செல்லப்பட்டன. 1809 முதல் மக்கள் சென்று பார்க்கின்றனர். புகைப்படக் கலைஞர் நாதார் 1861 அளவில் மின்விளக்கொளியில் அங்கு படமெடுத்தார். ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் அசையாது நிற்க வேண்டியிருந்ததால், தொழிலாளருக்குப் பதிலாகப் பொம்மைகளை நிறுத்தினார். பார்வையிடுவோர் இறங்க 131 படிகள், ஏற 112 படிகள், இடையே ஒன்றரைக் கிலோமீற்றர் நடை. இருதய நோயும் முழங்கால் நோவும் உள்ளோர் இதனைத் தவிர்த்தலே நன்று. நெருங்கியோரை அடக்கம் செய்யவும் இயலாது ஊரை விட்டு வந்தோரை அடுக்கிய மண்டையோடுகளின் முன் நிறுத்துவதும் தகாது என்பது எமது கருத்து.

ஈபிள் கோபுரத்தில் இன்று படியால் ஏறுவோருக்கு இரண்டாம் தளம் வரை 674 படிகள். ஏற இயலாதோருக்குத் தூக்கி உண்டு. சக்கர நாற்காலியில் இருப்போரும் இரண்டாம் தளம் வரை செல்லலாம். உச்சிக்கு அனுமதி இல்லை. இரண்டாம் தளத்தில் நின்றாலே நகர் நன்கு தெரியும். உச்சியிற் காற்றே மிகுதி.

கோபுரம் தொலைவு என்போருக்கு மொன்மார்த் குன்று உண்டு. 1900இல் அங்கு இழுவை ஊர்தி ஒன்று ஓடத் தொடங்கியது. இரு பெட்டிகள் ஒரு வடத்தின் இரு முனைகளில். மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் நீரை நிரப்ப, அது தன் பாரத்தால் இறங்கி மற்றதை மேலே இழுக்கும். கிணற்றடியில் துலா மிதித்த எமது முதியோருக்கு இந்தச் சமநிலைத் தத்துவம் புதிதன்று. 1935இல் மின்சாரம் வந்தது. 1991இல் அது மீண்டும் புதிதாகக் கட்டப்பட்டது. அருகே உள்ள 222 படிகளுக்குப் பதிலாக, ஒன்றரை நிமிடத்தில் மேலே சேர்ந்து விடலாம். நவிகோ மாத அட்டை வைத்திருப்போருக்கு வேறு சீட்டு வேண்டியதில்லை.

லா சப்பல் நிலையத்திலிருந்து இரண்டாம் இலக்க மெத்ரோவில் பார்பேஸ், அதற்கடுத்தது ஆன்வேர். அங்கிருந்து சிறு ஏற்றமான தெரு ஒன்றால் நடந்தால் ஊர்தி நிலையம். மெத்ரோ நிலையங்களிற் படிகள் இருப்பதால் கைபிடிக்க ஒருவர் உடன் செல்ல வேண்டும். வார நாளின் காலை வேளையிற் கூட்டம் குறைவு. மேலே தேவாலயத்தின் முன் இருக்கைகளில் அமர்ந்து, கீழே கார் டு நோர் புகையிரத நிலையத்தின் கூரை எது, நாம் சாமான் வாங்கும் தெரு எத்திசை என்று பேரப்பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கலாம். தேவாலயத்தின் குவிமாடத்துக்கு ஏற இன்னும் ஏறத்தாழ 300 படிகள் உண்டு. அங்கு தூக்கி இல்லை. பிள்ளைகள் ஏறி வரும் வரை அப்பப்பா கீழே இருந்து நகரைப் பார்த்துக் கொண்டிருக்கலாம்.