முந்திரிக் கணக்கும் நம்ம கூலிக் கணக்கும்



"12-ஐப் பெருக்கலாக எழுது" என்றால் 2×6, 3×4 என்று பிள்ளைகள் பட்டென்று சொல்லிவிடுவார்கள். "இது எதுக்கு சார் படிக்கணும்?" என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கு நம் முன்னோர் கணக்கே பதில் சொல்லும்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். அதில் ஒன்றை 320 பங்காக்கினால் ஒரு பங்குக்குப் பெயர் முந்திரி. அது ஏன் 320? 320 = 16×20. ஆகவே 16 முந்திரி ஒரு மா, அதாவது இருபதில் ஒன்று. 20 முந்திரி ஒரு மாகாணி, பதினாறில் ஒன்று. 320 = 4×80. ஆகவே 4 முந்திரி ஒரு காணி, எண்பதில் ஒன்று. எதிலும் மிச்சம் விழாது. 300 என்று வைத்திருந்தால் மாகாணிக்குப் பதினெட்டே முக்கால் முந்திரி வரும், கணக்கு உடைந்துபோகும்.

பழைய இந்திய ரூபாயும் அப்படித்தான். 16 அணா, அணாவுக்கு 12 தம்படி; ஆக 192 தம்படி. இரண்டு பேர், மூன்று பேர், நாலு பேர், ஆறு பேர், எட்டு பேர் பங்கு போட்டாலும் தகராறு வராது. 1957-இல் ரூபாய்க்கு 100 காசு என்று மாற்றினார்கள். 100-ஐ மூன்று பேருக்குப் பிரித்தால் ஒரு காசு மிஞ்சும்!

கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த சீனிவாச இராமானுஜன், 1915-இல் லண்டனில் இந்தக் காரணிகளைப் பற்றியே பெரிய கட்டுரை வெளியிட்டார். தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் விட அதிகக் காரணிகள் உள்ள எண்கள் எவை என்று ஆராய்ந்தார். 12-க்கு 6 காரணிகள், 24-க்கு 8, 60-க்கு 12. அந்த ஆராய்ச்சிக்காக 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்தது.

நம்ம தோட்டத்துக்கு வருவோம். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நெகிரி செம்பிலானுக்கும் அது பொருந்தியது. அந்தப் படிப்பால் என்ன லாபம்? நாள் கூலி 50 காசு, வேலை 26 நாள் என்று வைத்துக்கொள்வோம். 26 = 13×2. இரண்டு ஐம்பது ஒரு வெள்ளி. ஆகவே 13 வெள்ளி. தாளும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். இது தெரியாதவன் கிராணி சொன்னதை வாங்கிக்கொண்டுதான் போகணும். தெரிந்தவன் நிமிர்ந்து நின்று கேட்கலாம்.

பெற்றோர்களே, இன்று ராத்திரி உங்கள் பிள்ளையை 48-ஐப் பிரிக்கச் சொல்லுங்கள். ஐந்து வழி சொன்னால் தட்டிக் கொடுங்கள். அதுவும் ஒரு பரிசுதான்.

வாழ்க தமிழ்! வளர்க கல்வி!