சுரங்கத் தொழிலாளி கட்டிய வெற்றிக் குழு



பங்கு மண்டபம் என்றதும் நமக்கு மறைக்கல்வி வகுப்பும் திருமண விருந்தும் நினைவுக்கு வரும். ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில், புனித மரியன்னை பங்கு மண்டபத்தில் ஒரு கால்பந்துக் குழு பிறந்தது. 1887 நவம்பர் 6ஆம் நாள் மரிஸ்ட் சபைச் சகோதரர் வால்ஃபிரிட் முன்னின்று தொடங்கிய செல்டிக் குழுவே அது. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் கத்தோலிக்கர் நிறைந்த பகுதி அது. ஆட்டத்தில் வசூலாகும் பணத்தால் பசித்த பிள்ளைகளுக்கு உணவளிப்பதே சகோதரரின் நோக்கம்.

அந்தக் குழுவைப் புகழின் உச்சிக்கு உயர்த்தியவர் கத்தோலிக்கர் அல்லர் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். அவர் பெயர் ஜாக் ஸ்டீன்.

1922இல் புராட்டஸ்தாந்துக் குடும்பமொன்றில் பிறந்த ஸ்டீன், இளம் வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். சுரங்க வேலைக்கிடையே கால்பந்தும் ஆடிவந்த அவர், 1950இல்தான் வேல்ஸ் நாட்டின் லானெல்லி குழுவில் முழுநேர ஆட்டக்காரரானார். 1951 டிசம்பரில் செல்டிக் அவரை இரண்டாம் அணிக்கென எடுத்தது. முதல் அணியினர் சிலர் காயமுற்றதால் வாய்ப்புக் கிட்டியது, விரைவில் அணித்தலைவருமானார். 1954இல் அவரது அணி லீக் பட்டத்தையும் ஸ்காட்டிஷ் கோப்பையையும் ஒருசேர வென்றது.

இதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. விளையாட்டிலும் சமயப் பகை ஊறியிருந்த காலம் அது. கத்தோலிக்கர் குழுவில் சேர்ந்தார் என்பதற்காகச் சொந்த ஊர் நண்பர் சிலரே அவரை ஒதுக்கினர். அவரோ பின்வாங்கவில்லை.

கணுக்கால் காயத்தால் 1957இல் ஆட்டத்தை விட்டார், இளைஞருக்குப் பயிற்சியாளரானார். பின்பு டன்பெர்ம்லைன் குழுவின் பொறுப்பேற்று, 1961 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டத்தில் செல்டிக்கையே தோற்கடித்தார்! 1963இல் இத்தாலி சென்று, இன்டர் மிலான் பயிற்சியாளர் எரேராவின் முறைகளை நேரில் கண்டறிந்தார். 1965இல் செல்டிக் அவரைத் திரும்ப அழைத்தது. அதன் வரலாற்றில் கத்தோலிக்கரல்லாத முதல் மேலாளர் அவரே.

1967 மே 25, லிஸ்பன் நகரம். ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் எதிரே நின்றது அதே எரேராவின் இன்டர் மிலான். ஏழாம் நிமிடத்திலேயே எதிரணிக்கு ஒரு கோல். செல்டிக் சளைக்கவில்லை. ஜெம்மலும் சால்மர்சும் கோலடிக்க, 2-1 என வென்றது. பிரிட்டனுக்குக் கிடைத்த முதல் ஐரோப்பியக் கோப்பை அதுவே. ஆடிய பதினொருவரும் கிளாஸ்கோவைச் சுற்றிச் சுமார் 30 மைலுக்குள் பிறந்தவர்கள் என்பது வியப்பன்றோ! 1966 முதல் 1974 வரை லீக் பட்டமும் தொடர்ந்து ஒன்பது முறை கிட்டியது.

1985 செப்டம்பர் 10 அன்று கார்டிப் நகரில், ஸ்காட்லாந்து நாட்டு அணியின் மேலாளராக ஆட்டக்களத்தில் நின்றிருந்தபோதே மயங்கிச் சரிந்து, சிறிது நேரத்தில் உயிர்நீத்தார். அவருக்கு வயது 62.

சகோதரர் வால்ஃபிரிட் ஏழைகளுக்காக விதைத்தார். வேறு சபையைச் சேர்ந்த ஒரு சுரங்கத் தொழிலாளி அதை வளர்த்தார். நம் ஊர் இளைஞரை விளையாட்டிலோ நற்பணியிலோ சேர்க்கும்போது, 'இவன் நம்மவனா?' என்று கேட்குமுன் இந்த வரலாற்றை நினைவில் கொள்வோமாக.